28 அடிப் படகில் ஐந்து ஆண்டுகள்

எங்கள் பாய்மரப் படகின் நீளம் 28 அடி. உள்ளே தலை இடிக்காமல் நடக்கக் கிடைக்கும் இடம் ஐந்து எட்டு வைக்கும் தூரம். அணியத்துப் பக்கம், அதாவது படகின் முன்முனையில், முக்கோண வடிவில் ஒரு படுக்கை, நடுவில் எதிரெதிரே இரண்டு நீள இருக்கைகள், படியின் ஒரு பக்கம் இரண்டு பர்னர் அடுப்பு, மறுபக்கம் வரைபடம் விரிக்க ஒரு சின்ன மேசை. நானும் என் கணவரும் ஐந்து ஆண்டுகளாக இதில்தான் குடியிருக்கிறோம். இந்த ஐந்து ஆண்டுகளில் பாய் விரித்து ஓடிய நாட்களைவிட நங்கூரம் போட்டுக் கிடந்த நாட்கள் பல மடங்கு அதிகம். பயணத்துக்கென்று ஒரு படகை வாங்குகிறோம். பெரும்பாலான நாட்கள் அது வீடாகத்தான் இருக்கிறது. படகு தேடும்போது இது எங்களுக்குத் தெரியாது.

முதலில் நாங்கள் ஆசைப்பட்டது 36 அடிப் படகு ஒன்றுக்கு. உடையவர் பல ஆண்டுகள் கவனிக்காமல் விட்டிருந்ததால், கடைசியில் நாங்கள் வாங்கிய இந்தச் சின்னப் படகின் விலைக்கே அதுவும் கிடைத்தது. முன்பணம் கொடுக்கும் நிலைக்கு வந்துவிட்டோம். அந்தத் துறையில் நெடுங்காலமாகப் படகிலேயே வாழ்ந்துவந்த பெரியவர் ஒருவர்தான் எங்களை உட்கார வைத்துப் பேசினார். "வாங்குற விலை ஒரு தடவைதான்மா. நீங்க எவ்வளவு கொடுத்து வாங்கினீங்கன்னு பாய்க்கும் கயிறுக்கும் தெரியாது. படகு எவ்வளவு பெருசுங்கிறதுதான் அதுக்குக் கணக்கு" என்றார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டோம். நீளம் 28-லிருந்து 36-க்குப் போனால் கூடுவது எட்டு அடிதான். ஆனால் அகலமும் ஆழமும் சேர்ந்தே கூடுவதால் எடை ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடுகிறது. எங்கள் படகு மூன்றரை டன். அந்தப் படகு ஏழு டன்னுக்கும் மேல். எடை கூடினால் நங்கூரம் பெரிதாகும், சங்கிலி தடிக்கும், பாயின் பரப்பு கூடும், அதை இழுக்கும் வின்ச் பெரிதாகும், எஞ்சினும் பெரிதாகும். மரீனா எனப்படும் படகு நிறுத்தும் துறையின் வாடகையும், படகைக் கரையேற்றும் கூலியும் நீளத்தை வைத்துத்தான். விலை மலிந்த பெரிய படகை வாங்குகிறவர் பெரிய படகின் செலவையும் சேர்த்தே வாங்குகிறார். பாதியில் பணம் தீர்ந்து, கரையில் ஏற்றி வைத்தபடியே விற்பனைக்குப் போன படகுகளைப் பின்னர் நிறையவே பார்த்துவிட்டோம். அவற்றில் பல, உடையவரின் சக்திக்கு மீறிய நீளம் கொண்டவை.

சின்னப் படகில் கடல் தாண்ட முடியுமா என்ற பயம் எங்களுக்கும் இருந்தது. ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1968-69-இல் எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றி வந்த சுஹைலி 32 அடிப் படகு. தானியா ஏபி 1985-இல் தன் 18-ஆவது வயதில் கிளம்பி, துறை துறையாக நின்று உலகைச் சுற்றியது 26 அடிப் படகில். இதைப் படித்த பிறகு 28 அடி சின்னதாகத் தோன்றவில்லை. வேகம் குறையும் என்பது மட்டும் உண்மை. நீரைத் தொடும் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால், இந்த வகைப் படகு சாதாரணமாக எட்டக்கூடிய உச்ச வேகம் நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கில் கிடைக்கும். எங்களுக்கு அது ஆறு நாட் வேகத்துக்குச் சற்று மேல். நடைமுறையில் நாலரை என்று வைத்துத் திட்டமிடுகிறோம். ஒரு பகலும் இரவும் ஓடினால் ஏறக்குறைய 100 கடல் மைல். அது போதும் என்ற மனம் இருந்தால் போதும்.

சின்னதாக இருப்பதன் சுகம் கைகளுக்குத்தான் முதலில் தெரிந்தது. எங்கள் நங்கூரம் 10 கிலோ. 8 மில்லிமீட்டர் சங்கிலி மீட்டருக்கு 1.4 கிலோவுக்குச் சற்றுக் கூடுதல். எட்டு மீட்டர் ஆழத்தில் நங்கூரம் தரையை விட்டுக் கிளம்பும் நேரத்தில் என் கையில் தொங்குவது மொத்தம் 21, 22 கிலோ. மோட்டார் இல்லாமல், கையுறை போட்டுக்கொண்டு நானே தூக்கிவிடுவேன். மோட்டார் இல்லையென்றால் அதற்கான தடித்த ஒயர், ஸ்விட்ச், துரு, பழுது எதுவும் இல்லை. எங்கள் படகில் இல்லாத ஒவ்வொரு பொருளும் எங்களுக்கு ஒரு விடுமுறை நாளைத் தந்திருக்கிறது.

இனி, பழைய படகு வாங்கும்போது நாங்கள் தவறவிட்டதைச் சொல்கிறேன். மெத்தை உறை புதிது, திரைச்சீலை அழகு, மரவேலை பளபளப்பு என்று உள்ளே போய் மயங்கிவிட்டோம். பார்க்க வேண்டியவை மூன்றே இடங்கள். மேல்தளம், பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கும் துளைகள்.

பல ஃபைபர்கிளாஸ் படகுகளின் மேல்தளம் இரண்டு ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே பால்சா மரமோ பிளைவுட்டோ வைத்துச் செய்தது. திருகு போட்ட இடம் வழியாகத் தண்ணீர் இறங்கினால் நடுவில் இருக்கும் மரம் வெளியே தெரியாமல் மக்கிப்போகும். சின்ன பிளாஸ்டிக் சுத்தியலாலோ ஸ்க்ரூடிரைவர் பிடியாலோ ஒரு கை அகலத்துக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் கணீரென்று கேட்கும். மக்கிய இடம் 'பொத் பொத்'தென்று கேட்கும். எங்கள் படகில் பாய்மரத்தின் அடியைச் சுற்றி இரண்டு சாண் அகலத்துக்கு அந்தச் சத்தம். வாங்கிய பிறகுதான் தட்டிப் பார்த்தோம். வெட்டி எடுத்து, உலர்த்தி, புது மரம் வைத்து, மேலே ஃபைபர் போட்டு மூட ஆறு வாரம் ஆயிற்று.

கம்பிகள் விஷயம் அதைவிடப் பெரிது. துருப்பிடிக்காத எஃகுக்கு அந்தப் பெயர் வந்ததே, அதன் மேல் காற்றிலுள்ள ஆக்சிஜனால் உண்டாகும் மெல்லிய காப்புப் படலத்தால்தான். காற்றுப் படாத இடத்தில் உப்புநீர் தேங்கினால் அந்தப் படலம் அழிந்து எஃகு உள்ளுக்குள் விரிசல் விடும். கம்பிகளைப் படகோடு பிணைக்கும் பட்டைகள் மேல்தளத்தைத் துளைத்து இறங்கும் இடம் சரியாக அப்படிப்பட்டது. எங்கள் படகின் பட்டைகள் மேலேயும் கீழேயும் கண்ணாடி மாதிரி இருந்தன. ஒன்றைக் கழற்றி எடுத்தபோது, தளத்துக்குள் மறைந்திருந்த பாகத்தில் பாதி அகலத்துக்கு ஒரு விரிசல். அன்று மாலை இருவரும் அதிகம் பேசவில்லை. எல்லாப் பட்டைகளையும், எல்லாக் கம்பிகளையும் மாற்றினோம். கம்பிகளுக்கு எத்தனை வயது என்று விற்பவரால் சொல்ல முடியாவிட்டால் மாற்ற வேண்டியவை என்றே விலை பேசுங்கள். பத்துப் பதினைந்து ஆண்டுகளைத் தாண்டிய கம்பியை நான் நம்பமாட்டேன்.

கீழ்த்துளைகளில் உள்ள வால்வுகளை லேசாகச் சுரண்டிப் பாருங்கள். பித்தளையாக இருந்து, உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் அதிலிருந்த துத்தநாகம் கடல்நீரில் கரைந்துவிட்டது என்று பொருள். பிஸ்கட் மாதிரி உடையும். வெண்கலம் போடுங்கள். ஒவ்வொரு வால்வின் பக்கத்திலும் அந்தத் துளைக்குப் பொருந்தும் மரத்தக்கை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள்.

இதெல்லாம் முடிந்தபோது, படகுக்குக் கொடுத்த விலையில் பாதிக்கு மேல் மறுபடியும் செலவாகியிருந்தது. கையில் இருக்கும் பணத்தில் பாதிக்குத்தான் படகு வாங்க வேண்டும் என்பது அதனால் நான் எல்லோருக்கும் சொல்வது.

சரி, குடியேறிய பிறகு?

எங்களை முதலில் தோற்கடிக்கப் பார்த்தது ஈரம். புயலுக்குத் தயாராக இருந்தோம், இதற்குத் தயாராக இல்லை. இரண்டு பேர் இரவெல்லாம் விடும் மூச்சு, அடுப்பில் கொதிக்கும் தண்ணீர், எரிவாயு எரியும்போதே அதிலிருந்து வரும் நீராவி எல்லாம் சேர்ந்து, குளிர்ந்த படகுச் சுவரில் போய் வியர்த்து வழியும். மூன்றாவது மாதம் மெத்தையைத் தூக்கிப் பார்த்தால் அடியில் முழுக்கக் கறுப்புப் பூஞ்சை. எனக்கு இருமல் நிற்கவே இல்லை. காரணம் அதுதான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

மெத்தைக்கு அடியில் மரச்சட்டங்கள் அடித்துக் காற்றோட இடைவெளி விட்டோம். கண்ணில் படும் சுவரெல்லாம் ஈரத்தை உறிஞ்சாத ரப்பர் நுரை ஒட்டினோம். மழை பெய்தாலும் இரண்டு திறப்புகள் எப்போதும் திறந்திருக்கும். ஒன்று காற்று வர, இன்னொன்று போக. ஒன்றை மட்டும் திறந்து வைத்துப் பயனில்லை. அப்புறம், உப்பு. கடல்நீர் பட்ட துணி வெயிலில் எவ்வளவு காய்ந்தாலும், அதிலிருக்கும் உப்பு இரவுக் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு மறுபடி நசநசக்கும். அதனால் உப்புத்துணியோடு உள்ளே வருவதில்லை என்று ஒரு விதி வைத்துக்கொண்டோம். படி இறங்கும் இடத்திலேயே மாற்றிக்கொண்டுதான் உள்ளே. மெத்தை, தலையணைப் பக்கம் உப்பு போகாமல் காப்பாற்றினாலே பாதி ஈரம் குறைந்துவிடும்.

மின்சாரத்துக்கு 200 வாட் சூரியத் தகடு. நல்ல வெயில் நாளில் 12 வோல்ட் பேட்டரிக்கு 50 ஆம்பியர்-மணி வரை கிடைக்கும். ஒரு சின்னக் குளிர்பெட்டி மட்டும் நாளுக்கு 40 ஆம்பியர்-மணி தின்றது. மேகமான வாரங்களில் அதற்காகவே எஞ்சினை ஓட்ட வேண்டியிருந்தது. இரண்டாவது ஆண்டு அதைக் கழற்றிவிட்டோம். கெட்டுப்போகாததை வாங்கிச் சமைக்கப் பழகினோம். இப்போது பேட்டரி பற்றிய கவலையே இல்லை. சாதாரண ஈய பேட்டரியாக இருந்தால் அதன் கொள்ளளவில் பாதிக்குக் கீழே இறக்காதீர்கள், ஆயுள் வேகமாகக் குறையும். நங்கூரம் போட்டிருக்கும் இரவில் எல்லாத் திசைக்கும் தெரியும் வெள்ளை விளக்கு ஒன்று எரிய வேண்டும். அது 1972-ஆம் ஆண்டின் கடல் மோதல் தடுப்பு விதிகளில் உள்ளது. பழைய 10 வாட் பல்பு ஓரிரவில் 10 ஆம்பியர்-மணி எடுத்தது. 2 வாட் எல்இடி போட்ட பிறகு இரண்டு.

தண்ணீர்த் தொட்டி 150 லிட்டர். குடிக்க, சமைக்க, கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர். பாத்திரத்தைக் கடல்நீரில் தேய்த்துக் கழுவி, நல்ல தண்ணீரில் ஒரு முறை அலசுவோம். காலால் மிதிக்கும் பம்பு இதற்கு மிக நல்லது. மிதித்தால்தான் வரும் என்பதால் வீணாகாது. இரண்டு பேருக்கு நாளுக்கு ஏழு லிட்டர், மூன்று வாரம் தாங்கும். தொட்டியில் ஓட்டை விழுந்தால் என்ன செய்வது என்பதற்காக இருபது லிட்டரைத் தனியே கேன்களில் வைத்திருக்கிறோம்.

நங்கூரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அதில்தான் ஒருமுறை படகை இழக்கப் பார்த்தோம்.

முதலாண்டு, ஒரு சின்ன வளைகுடாவில் மாலை வந்து சேர்ந்தோம். ஆழமானி ஐந்து மீட்டர் காட்டியது. ஆழத்தைப் போல ஐந்து பங்கு சங்கிலி விட வேண்டும் என்று படித்திருந்தோம், 25 மீட்டர் விட்டோம். சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கினோம். இரவு இரண்டு மணிக்குப் படகின் அசைவு மாறியதில் விழிப்பு வந்தது. காற்று 25 நாட் வேகத்தைத் தாண்டியிருந்தது. தலையை வெளியே நீட்டினால், மாலையில் தூரத்தில் பார்த்த பாறைகள் நுரைத்துக்கொண்டு பின்னாலேயே நிற்கின்றன. நங்கூரம் தரையில் இழுபட்டுக்கொண்டே வந்திருக்கிறது. எஞ்சின் முதல் திருப்பலிலேயே உயிர் பிடித்தது. அதனால்தான் இன்று இதை எழுதுகிறேன்.

நாங்கள் செய்த பிழை மறுநாள் காகிதத்தில் தெளிவானது. நாங்கள் வந்தது வற்று நேரத்தில். அங்கே நீர் மூன்று மீட்டர் ஏறும். நீர்மட்டத்திலிருந்து சங்கிலி இறங்கும் அணியம் ஒரு மீட்டர் உயரம். அப்படியென்றால் பெருக்கு நேரத்தில் உண்மையான ஆழம் 5 + 3 + 1, ஒன்பது மீட்டர். 25 மீட்டர் சங்கிலி என்பது மூன்று பங்குகூட இல்லை. சங்கிலி செங்குத்தாக இழுக்க ஆரம்பித்தால் எந்த நங்கூரமும் மண்ணை விட்டுக் கிளம்பிவிடும்.

இப்போது பெருக்கின் உச்சத்தைக் கணக்கில் எடுத்து, அணியத்தின் உயரத்தைக் கூட்டி, சங்கிலி என்றால் ஐந்து பங்கு, பெரும்பகுதி கயிறு என்றால் ஏழு பங்கு விடுகிறோம். காற்று ஏறும் என்று தெரிந்தால் இன்னும் கூட. சங்கிலி விட்ட பிறகு எஞ்சினைப் பின்னோக்கிப் போட்டு, மெதுவாக வேகம் கூட்டி அரை நிமிடம் இழுத்துப் பார்ப்போம். அப்போது கையைச் சங்கிலி மேல் வைத்திருப்பேன். பிடித்திருந்தால் சங்கிலி விறைத்து அமைதியாக நிற்கும், இழுபட்டால் அதிர்வு கைக்குத் தெரியும். பிறகு கரையில் ஒரே கோட்டில் தெரியும் இரண்டு பொருட்களைக் குறித்துக்கொள்வேன். ஒரு மரமும் அதன் பின்னால் ஒரு வீடும் போதும். அந்தக் கோடு கலைந்தால் நாங்கள் நகர்கிறோம். கைபேசியில் நங்கூர அலாரமும் வைக்கிறோம், ஆனால் என் கண்ணுக்கு அந்த மரமும் வீடும்தான் முதல் சாட்சி. சங்கிலியின் இழுப்பு படகைக் குலுக்காமலிருக்க எட்டு மீட்டர் நைலான் கயிறு ஒன்றைக் கொக்கி போட்டு மாட்டிவிடுவோம். நைலான் நீண்டு கொடுக்கும், இரவில் சங்கிலிச் சத்தமும் இருக்காது. உங்கள் படகின் அளவுக்கு அட்டவணை சொல்லும் நங்கூரத்தைவிட ஒரு அளவு பெரியதை வாங்குங்கள். தூக்கத்துக்குக் கொடுக்கும் விலை அது.

ஓடும்போது கற்றுக்கொண்டதில் முக்கியமானது, பாயைச் சுருக்கும் நேரம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயின் மேல் விழும் விசை நான்கு மடங்காகும். காற்றைப் பின்னால் வாங்கிக்கொண்டு ஓடும்போது இது கண்ணை மறைத்துவிடும். 20 நாட் காற்றில் ஆறு நாட் வேகத்தில் ஓடினால் நம் மேல் படுவது 14 நாட்தான். சுகமாக இருக்கும். ஏதோ காரணத்துக்காகக் காற்றை நோக்கித் திரும்பினீர்களென்றால் அதே காற்று 24-க்கு அருகில் அடிக்கும், விசை ஏறக்குறைய மூன்று மடங்கு. அந்த நேரத்தில் பாயைச் சுருக்கப் போனால் கை நடுங்கும். அதனால் 'சுருக்கலாமா' என்று எங்களில் யாருக்குத் தோன்றினாலும் மற்றவர் மறு பேச்சுப் பேசுவதில்லை, உடனே சுருக்குவோம். இருட்டுவதற்கு முன் ஒரு மடிப்பு எப்போதும் போட்டுவிடுவோம். வேகம் அரை நாட் குறையும், ஆனால் தூங்கப் போனவர் நிம்மதியாகத் தூங்குவார். தனியாகக் காவல் இருப்பவர் இடுப்பு வாரைப் படகோடு மாட்டாமல் மேல்தளத்துக்குப் போகக்கூடாது. இதில் விதிவிலக்கே கிடையாது.

டீசல் எஞ்சின் பற்றி அதிகம் சொல்ல எனக்குத் தெரியாது. அது என் கணவரின் பொறுப்பு. ஒன்று மட்டும் சொல்கிறேன். கடல்நீரை இழுத்து எஞ்சினைக் குளிர்விக்கும் ரப்பர் இம்பெல்லர் இரண்டு உபரியாக இருக்கட்டும். அதை மாற்றக் கண்ணை மூடிக்கொண்டே கழற்றும் அளவுக்குத் துறையில் கிடக்கும்போதே பழகிக்கொள்ளுங்கள். உடைந்த இதழ்களை எண்ணிப் பார்த்து, காணாமல் போனதைக் குழாயில் தேடி எடுங்கள். விட்டுவிட்டால் அது உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். எங்களுக்கு இரண்டு இதழ்கள் அப்படி அடைத்து, எஞ்சின் மறுபடியும் சூடேறியது.

சிலிண்டரில் வரும் சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் வீட்டில் போலக் கதவு வழியே வெளியே போகாது, படகின் அடியில் போய்த் தேங்கும். சமைத்து முடித்ததும் சிலிண்டரிலேயே மூடுகிறோம். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று படுக்கைக்கு அருகில் இருக்கிறது. இரண்டுமே கட்டாயம்.

இருவர் இவ்வளவு சின்ன இடத்தில் எப்படி இருக்க முடியும் என்பது எங்களுக்கே முதலில் விளங்கவில்லை. இரண்டாவது மாதம் ஒரு ஸ்பேனரை எடுத்த இடத்தில் வைக்கவில்லை என்று தொடங்கிய பேச்சு மூன்று நாள் நீண்டது. இப்போது ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம், அது அங்கேதான் இருக்கும். இருட்டில் கையை நீட்டினால் டார்ச் கிடைக்கும். நாளில் இரண்டு மணி நேரம் ஒருவர் அணியத்திலும் ஒருவர் பின்பக்கத்திலும் இருப்போம், கூப்பிட மாட்டோம். ஓடும்போது மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை காவல் மாறும். ஒருவருக்குக் குமட்டல் வந்தால் அது அவருடைய பலவீனமாகப் பார்க்கப்படாது. அவர் சுக்கான் பிடித்துத் தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார், மற்ற வேலை மற்றவருக்கு.

நாள்காட்டிதான் எங்களை மிகவும் ஆபத்தில் தள்ளியிருக்கிறது. ஒரு தேதிக்குள் போய்ச் சேர வேண்டும் என்று கிளம்பிய இரண்டு முறையும் கிளம்பக்கூடாத காற்றில் கிளம்பினோம். பார்க்க வரும் உறவினர்களிடம் இப்போது முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். வரும் நாளைச் சொல்லுங்கள், அன்று எங்கே இருக்கிறோம் என்று நாங்கள் சொல்கிறோம். அல்லது இடத்தைச் சொல்லுங்கள், எப்போது வந்து சேர்வோம் என்பதைக் காற்று சொல்லட்டும்.

போன மாதம் நண்பர் ஒருவர் தன் 38 அடிப் படகை எங்களுக்குக் கொடுக்க முன்வந்தார். நல்ல படகு. உள்ளே இருவர் ஒருவரை ஒருவர் தாண்டி நடக்கலாம், குளிக்கத் தனி இடம் உண்டு. ஒரு மணி நேரம் உட்கார்ந்து தேநீர் குடித்தோம். என் கணவர் போய் நங்கூரச் சங்கிலியைக் கையால் தூக்கிப் பார்த்துவிட்டு வந்தார். திரும்பும் வழியில் துடுப்பு போட்டுக்கொண்டே, "முன்பக்கத் திறப்பு மூடியோட ரப்பர் கசியுதே, நாளைக்கு மாத்திடலாமா?" என்று கேட்டார். மறுநாள் காலை மழை இல்லை. பழைய ரப்பரைச் சுரண்டி எடுத்து, சட்டத்தைத் துடைத்து, புதியதை ஒட்டி மூடினோம். பக்கெட்டால் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். உள்ளே ஒரு சொட்டும் இறங்கவில்லை.